மரப்பட்டறைக் காவலுக்குக் கினிக்கோழியா, கூஸ் வாத்தா?

ஊருக்கு வெளியே மரப்பட்டறை வைத்திருப்பவர்கள், நாயோடு கூடவே குரல் கொடுக்கும் பறவை ஒன்றும் இருந்தால் நல்லது என்று எண்ணும்போது, பெரும்பாலும் இந்த இரண்டில்தான் தயங்கி நிற்கிறார்கள். (பச்சைக்கிளியை வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால் அதை விட்டுவிடுவோம்.)

காவல்: இரண்டுமே புதியவரைக் கண்டால் கத்தும். கூஸ் கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு துரத்தவும் செய்யும். வாடிக்கையாளரையும் அது விடாது. கினிக்கோழி கத்துவதோடு நின்றுவிடும்.

தீனி: கூஸுக்குப் புல்லே பெரும்பங்கு உணவு. கினிக்கோழி கறையான், வெட்டுக்கிளி, உண்ணி ஆகியவற்றைப் பொறுக்கித் தின்னும் என்பதால், பலகை அடுக்கும் இடத்தில் அதன் பயன் அதிகம்.

துப்புரவு: கூஸின் எச்சம் ஈரமானது; மரத்தூளில் கலந்தால் தரை வழுக்கும். தலையை முக்கிக் கழுவும் அளவுக்கு ஆழமான தண்ணீர்த் தொட்டியும் அதற்கு நாள்தோறும் வேண்டும்.

ஆயுள்: கூஸ் 20 ஆண்டு வரை வாழக்கூடியது, கினிக்கோழி அதில் பாதியளவே.

மினுங்கும் ஆணியையும் திருகாணியையும் இரண்டுமே கொத்தி விழுங்கும், அதனால் இரைப்பை கிழிந்து சாகவும் கூடும் என்பதால், மாலையில் காந்தத்தால் தரையைத் துழாவ மனமில்லாதவர் எதையும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

புல்வெளியும் தண்ணீரும் உள்ள, ஆள்வரத்துக் குறைந்த பட்டறைக்குக் கூஸ் பொருந்தும். ஆள்வரத்து மிகுந்த, கறையான் தொல்லையுள்ள பட்டறைக்குக் கினிக்கோழியே ஏற்றது. அது கூட்டமாக வாழும் பறவை என்பதால் ஐந்தாறாக வாங்குங்கள்.