‘மை பிளேட்’ படம்: பிள்ளைகளுக்கு எப்படிப் பயன்படுத்துவது?

ஒரு நாளைக்கு எந்த உணவு எவ்வளவு வேண்டும் என்று காட்டும், ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ‘மை பிளேட்’ படம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கடையில் விற்கும் சத்துணவு சார்ட்டுகளைவிட இது எவ்வளவோ மேல். ஆப்பிளையும் கேரட்டையும் வரைந்து நிறுத்திவிடாமல் கிராம் கணக்கே கொடுத்திருக்கிறார்கள். 2024 வழிகாட்டுதலின்படி ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400, பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85, பழம் 100, நிலக்கடலை போன்றவை 35, எண்ணெய் 27, பால் அல்லது தயிர் 300 மி.லி.

ஆனால் இது 2000 கலோரித் தட்டு. 7–9 வயதுக்கு 1700, 4–6 வயதுக்கு 1360 என்பது அதே நிறுவனத்தின் 2020 கணக்கு. ஆகவே எட்டு வயதுப் பிள்ளைக்குத் தானியம் 210 கிராம், ஐந்து வயதுக்கு 170 கிராம் போதும். பாலை மட்டும் குறைக்காதீர்கள். வளரும் எலும்புக்கு அது வேண்டும்.

பலரும் தவறுவது எடையில்தான். படத்தில் உள்ளது சமைக்காத எடை. 50 கிராம் அரிசி வெந்தால் ஏறக்குறைய 150 கிராம் சோறு. கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டு மடங்காகும். கீரை நேர்மாறு: 100 கிராமை வதக்கினால் ஒரு கைப்பிடிதான். இது தெரியாமல் 400 கிராம் காயைப் பார்த்து மலைத்துவிடுகிறார்கள். தராசில் அரிசியையும் கீரையையும் சமைப்பதற்கு முன்னும் பின்னும் பிள்ளையையே நிறுக்கச் சொல்லுங்கள். சார்ட் சொல்லித்தராததை அது சொல்லித்தரும்.

சாம்பார் ஊற்றியதும் பருப்புக் கணக்கு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஒரு கரண்டியில் பருப்பு கொஞ்சம்தான் வரும். காயையோ பிள்ளை ஒதுக்கி வைத்துவிடும். மாலையில் 30 கிராம் பயறு போட்டுச் சுண்டல் செய்தால் குறை பெரிதும் தீரும். பரிமாறும்போது பொரியலையும் கூட்டையும் பாதித் தட்டுக்கு வைத்துவிட்டுப் பிறகு சோறு போடுங்கள். சோற்றை முதலில் போட்டால் காய்க்கு ஓரம்தான் மிஞ்சும்.

அந்த நிறுவனம் 2024-இல் வெளியிட்ட 17 வழிகாட்டுதல்களில் உடற்பயிற்சிக்கும் இடமுண்டு. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் மூன்று நாளாவது தசை, எலும்பை வலுவாக்கும் ஆட்டமும் சேர வேண்டும். ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. பள்ளிக்கு நடப்பது, பாண்டி, ஸ்கிப்பிங், ஓடிப்பிடித்து விளையாடுவது எல்லாம் கணக்கில் வரும்.

படத்தை ஏ3 அளவில் அச்சிட்டு லேமினேட் செய்து, பிள்ளையின் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். ஓரத்தில் உங்கள் வீட்டுக் கரண்டி, டம்ளர் அளவுகளை மார்க்கரால் எழுதிவையுங்கள்.