கதவில் மாட்டி இழுக்கும் ரப்பர் குழாய் செட்: வீட்டில் உடற்பயிற்சி தொடங்க வாங்கலாமா?

வாங்கலாம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டிலோ அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலோ இருந்துகொண்டு, வீட்டிலேயே முதன்முதலாக உடற்பயிற்சி தொடங்க நினைப்பவருக்கு எங்கள் பரிந்துரை இதுதான். டிரெட்மில் வேண்டாம், தம்பெல் வேண்டாம், கைப்பிடி வைத்த ரப்பர் குழாய் செட் ஒன்று போதும். ஆனால் பையைப் பிரித்த கையோடு கதவில் மாட்டி இழுக்கக் கூடிய பொருள் அல்ல இது. இவ்வகை செட்டில் ரப்பர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் கொக்கியும் தையலும்தான் சோதித்துப் பார்க்க வேண்டியவை.

இணையத்தில் ‘11 பொருள் செட்’ என்று தேடினால் கிடைக்கும். ஐந்து குழாய்கள், இரண்டு கைப்பிடிகள், இரண்டு கணுக்கால் பட்டைகள், கதவு இடுக்கில் செருகும் நைலான் பட்டை ஒன்று, எல்லாவற்றையும் போட்டு வைக்க ஒரு துணிப்பை. விலை ஏறக்குறைய 30 ரிங்கிட்டிலிருந்து 60 ரிங்கிட் வரை. பசார் மாலம் எனும் இரவுச் சந்தையில் சில சமயம் இதே செட் பை இல்லாமல் தொங்கும். அங்கே வாங்குவதில் ஒரு நன்மை உண்டு: கையில் எடுத்து இழுத்துப் பார்க்கலாம்.

தம்பெல்லை விட்டுவிட்டு இதை ஏன் சொல்கிறோம்? உடம்பின் அசைவுகளில் தள்ளுவதற்குக் கருவி தேவையில்லை. சுவர் இருக்கிறது, பழகியபின் தரை இருக்கிறது. காலுக்கு ஒரு நாற்காலி போதும். உட்கார்ந்து எழுந்தாலே தொடை வேலை செய்யும். முதுகுக்குத்தான் வழியில்லை. எதையாவது நம்மை நோக்கி இழுத்தால்தான் தோள்பட்டைக்கு நடுவே உள்ள தசை வேலை செய்யும். கம்பியில் தொங்கி மேலே ஏறுவது புதியவரால் ஆகாது. நாள் முழுக்க மோட்டார் சைக்கிளில் தோளைக் குறுக்கி உட்கார்ந்து போகிறவருக்கும், தையல் மெஷின் முன்னால் குனிந்தே இருப்பவருக்கும் பலவீனமாக இருப்பது இந்த இடம்தான். அதற்கு இந்தக் குழாயைவிடச் சிக்கனமான கருவி வேறில்லை.

எண்களை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்

குழாய்களில் 10, 20, 30, 40, 50 பவுண்டு என்று அச்சிட்டிருப்பார்கள். ஐந்தையும் கூட்டி ‘150 பவுண்டு’ என்று பெட்டியில் பெரிதாகப் போடுவார்கள். எவ்வளவு நீளத்துக்கு இழுத்தால் அந்த எடை என்பதைப் பெரும்பாலான பெட்டிகள் சொல்வதில்லை. ரப்பரின் இழுவிசை நீளத்தோடு ஏறும் என்பதால், நீளம் சொல்லாத எண் பயன்படாது. மருத்துவமனைகளில் பிசியோதெரபிக்குப் பயன்படுத்தும் தெராபேண்டு பட்டைக்கு இந்தக் கணக்கு தெளிவாக இருக்கிறது. இரு மடங்கு நீளத்துக்கு இழுக்கும்போது மஞ்சள் 1.3 கிலோ, சிவப்பு 1.7, பச்சை 2.1, நீலம் 2.6, கறுப்பு 3.3. நிறத்தையும் பொதுவாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு நிறுவனத்தின் பச்சையும் இன்னொன்றின் பச்சையும் ஒரே பலம் அல்ல.

உங்கள் குழாயின் உண்மையான பலம் தெரிய வேண்டுமா? பயணப் பெட்டியின் எடை பார்க்கும் கைத்தராசு போதும். குழாயின் ஒரு முனையை அசையாத இடத்தில் மாட்டி, மறுமுனையைத் தராசின் கொக்கியில் கோத்து, இரு மடங்கு நீளம் வரும்வரை மெதுவாக இழுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாக அச்சிட்டதைவிடக் குறைவாகவே காட்டும். தொடங்குகிறவருக்கு அது குறையில்லை. முதல் மாதத்துக்குத் தேவைப்படுவது மெல்லிய குழாய்கள் இரண்டுதான்.

பையைப் பிரித்ததும் பார்க்க வேண்டியவை

குழாயின் இரண்டு முனைகளிலும் ரப்பருக்குள்ளே ஒரு பிளாஸ்டிக் குண்டைத் திணித்து, அதன்மேல் உலோகக் கொக்கியைப் பொருத்தியிருப்பார்கள். இவ்வகைக் குழாய் அறுந்தால் அதிகமும் அறுவது இந்த முனையில்தான். நடுவில் அறுவது குறைவு. குண்டு உள்ளே இருக்கும் இடத்தில் ரப்பர் எப்போதும் விரிந்து இறுகியே கிடக்கிறது. இழுக்கும்போது அதே இடம் மடங்கவும் செய்கிறது. வெளிச்சத்தில் பிடித்து, சற்றே இழுத்து, முனையை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். வெளுத்த கோடு, ஊசி குத்தியது போன்ற சிறு பள்ளம், பிசுபிசுப்பு, இவற்றில் ஏதாவது தென்பட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதற்காகவே பொட்டலம் பிரிப்பதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கொக்கியின் வாய் தானாகவே முழுதாக மூட வேண்டும். விரலை எடுத்தபின் பாதியில் நின்றால் அந்தக் கொக்கியைப் பயன்படுத்தாதீர்கள். கைப்பிடியில் நைலான் பட்டை மடங்கி வளையத்தைப் பிடிக்கும் இடத்தில், பெட்டி வடிவத்தில் குறுக்குத் தையல் போட்டிருந்தால் நம்பலாம். ஒரே கோடாகத் தைத்திருந்தால் கனமான குழாய்களை அதில் மாட்ட வேண்டாம். கைப்பிடி மேலுள்ள பஞ்சுறை கிழிந்துபோவது அழகுக் குறை மட்டுமே.

கணுக்கால் பட்டைகள் தொடக்கத்தில் தேவைப்படாது. பையிலேயே இருக்கட்டும்.

கதவு

இந்த செட்டில் ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது கதவில்தான் இருக்கிறது. விளக்கத் தாளில் இதற்கு ஒரு வரிக்கு மேல் எழுதியிருக்க மாட்டார்கள்.

கதவுப் பட்டையின் ஒரு முனையில் பஞ்சு சுற்றிய குமிழ் இருக்கும். அந்தக் குமிழ் கதவுக்கு அந்தப் பக்கம், வளையம் உங்கள் பக்கம். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து கதவு அப்பால் திறக்க வேண்டும். அப்போதுதான் இழுக்க இழுக்கக் கதவு நிலையோடு இறுகும். கதவு உங்களை நோக்கித் திறப்பதாக இருந்தால், உங்கள் முழு இழுப்பையும் தாழ்ப்பாள் ஒன்றே தாங்க வேண்டியிருக்கும். அது விட்டால் குமிழும் கொக்கியும் சேர்ந்து முகத்துக்கு வரும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் படுக்கையறைக் கதவு பெரும்பாலும் அறைக்குள்தான் திறக்கும். எனவே அறையில் நிற்காமல் கூடத்தில் நின்று இழுங்கள். கதவைச் சாத்தி, பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே யாரும் இருக்கக் கூடாது; பிள்ளைகள் திடீரெனத் திறந்துவிடலாம். பட்டையைத் தாழ்ப்பாள் பக்கம் செருகுவதைவிடக் கீல் பக்கம் செருகுவது உறுதி.

எல்லாக் கதவும் தாங்காது. குளியலறையின் பிளாஸ்டிக் கதவில் எந்த நிலையிலும் மாட்டக் கூடாது. உள்ளே வெறுமையாக இருக்கும் பிளைவுட் கதவை விரலால் தட்டினால் சத்தமே காட்டிக்கொடுக்கும். அதில் மெல்லிய குழாய் ஒன்று மட்டும் மாட்டலாம். தோட்டத்தின் பழைய லயத்து வீடுகளில் நிலையின் அடிப்பாகத்தைத் திருப்புளியால் அழுத்திப் பாருங்கள். கரையான் தின்ற மரம் உள்ளே போகும். அப்படிப்பட்ட வீட்டில் வாசலில் உள்ள சிமெண்டுத் தூணே மேல். லாரியில் சாமான் கட்டும் நைலான் பட்டையில் ஒரு துண்டைத் தூணில் சுற்றி, கொக்கியை அதில் மாட்டுங்கள். ரப்பர் நேரடியாகத் தூணிலோ ஜன்னல் கம்பியிலோ உரசக் கூடாது. சிமெண்டின் முனையும் கம்பியின் வெல்டிங் பிசிறும் ரப்பரைக் கீறிவிடும். கண்ணுக்குத் தெரியாத கீறலே பின்னர் அறுந்துபோகும் இடம்.

எப்படித் தொடங்குவது

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி, பெரியவர்கள் வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும், அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி தர வேண்டும் என்கிறது. குழாய் அந்த இரண்டு நாள் கணக்குக்கு மட்டும்தான். திடலைச் சுற்றி வேகமாக நடப்பதை அது ஈடுகட்டாது.

செவ்வாய், வெள்ளி என்று இரண்டு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் இருந்த இடத்திலேயே நடந்து, கையைச் சுழற்றி உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு நான்கு பயிற்சிகள்: குழாயை இழுத்தல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், குழாயைக் காலடியில் மிதித்து இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்தல். ஒவ்வொன்றும் பத்து முறை, இரண்டு சுற்று. சுற்றுக்கு நடுவே ஒரு நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம் ஓய்வு. எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்தில் முடியும்.

இழுத்தலைக் கொஞ்சம் கவனித்துச் செய்ய வேண்டும், இதற்காகத்தான் செட்டையே வாங்குகிறோம். கதவுப் பட்டை தொப்புள் உயரத்தில் இருக்கட்டும். கைகளை நேராக நீட்டிப் பிடித்து, குழாய் தொய்வு நீங்கி லேசாக விறைக்கும் இடம்வரை பின்னால் போங்கள். கால்களை இடுப்பகலம் வைத்து முழங்காலைச் சற்றுத் தளர்த்துங்கள். இப்போது கையை இழுப்பதாக நினைக்காமல் முழங்கையை விலாவை ஒட்டிப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். தோள்பட்டை எலும்புகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்க வேண்டும். ஒரு நொடி நிறுத்தி, மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாக விடுங்கள். அநேகம் பேர் இழுக்கும்போது சரியாக இழுத்துவிட்டு, விடும்போது ரப்பர் கையைப் பிடுங்கிக்கொண்டு போக விட்டுவிடுகிறார்கள். பாதிப் பலன் அங்கேயே போகிறது, தோள் மூட்டும் வலிக்கும். தோள் காதை நோக்கி ஏறினாலோ, உடம்பு பின்னால் சாய்ந்தாலோ குழாய் கனமாக இருக்கிறது என்று அர்த்தம். ஒன்று மெலிதாக மாற்றுங்கள். முழங்கையின் வெளிப்புறம் வலித்தால் கைப்பிடியை அளவுக்கு மேல் இறுக்கிப் பிடிக்கிறீர்கள்.

காலடியில் மிதிக்கும் பயிற்சிக்குச் சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள். வெறுங்காலும் சிலிப்பரும் ஆகாது. குழாய் பாதத்தின் நடுவளைவுக்குக் கீழே இருக்க வேண்டும். விரல்பக்கம் நகர்ந்தால் நழுவிச் சுண்டும். எந்தப் பயிற்சியிலும் குழாயை அதன் ஓய்வு நீளத்தைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் இழுக்காதீர்கள்.

இரண்டு சுற்றிலும் பதினைந்து முறை வடிவம் கெடாமல் செய்ய முடிந்தால் அரையடி பின்னால் நகருங்கள். அதுவும் சுலபமானால் அடுத்த குழாய். கொக்கியில் இரண்டு குழாயைச் சேர்த்து மாட்டலாம் என்பதால் 20இலிருந்து 30க்குத் தாவும் முன் 20ஓடு 10ஐச் சேர்த்துப் பாருங்கள்.

உடல்நிலை பார்த்து

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நம் வீடுகளில் அது எப்படி இருக்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இன்சுலின் போடுபவர்களும் கிளிக்லசைடு என்ற நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் இதைச் செய்யக் கூடாது; சர்க்கரை இறங்கி நடுக்கமும் வியர்வையும் வரலாம். இனிப்புப் பானம் ஒன்று கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் குழாயை மிதிக்கும் பயிற்சியை விட்டுவிடலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கி இழுக்கக் கூடாது. இழுக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். நெஞ்சுவலி, அண்மையில் செய்த அறுவை சிகிச்சை, கண்ணின் விழித்திரையில் நீரிழிவுப் பாதிப்பு இருந்தால் முதலில் அரசாங்கக் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ரப்பர் கையுறை போட்டால் அரிப்பு வருகிறவர்கள் லேடெக்ஸ் இல்லாத குழாய் என்று கேட்டு வாங்க வேண்டும்.

ரப்பரைக் காப்பாற்றுவது

1877இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்றும் நிற்கிற கோல கங்சார் நமக்குப் பக்கத்தில். பால் வெட்டிய குடும்பங்களுக்கு ரப்பரின் குணம் புதிதல்ல. ஆனால் இந்தக் குழாய்களைக் கெடுப்பது எது என்று பார்த்தால், முதல் காரணம் எண்ணெய். தலைக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்த கையோடும், மூட்டுவலி எண்ணெய் தடவிய கையோடும் குழாயைத் தொட்டால் எண்ணெய் இறங்கி ரப்பர் ஊதிப் பிசுபிசுக்கும். பயிற்சிக்கு முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். வலித்தைலம் எல்லாம் முடிந்தபிறகு.

அடுத்தது வெயிலும் சூடும். மோட்டார் பெட்டிக்குள்ளும் ஜன்னலோரத்திலும் வைக்க வேண்டாம். கதவில் இழுத்து மாட்டியபடியே விட்டுப் போகாதீர்கள்; விறைத்து நிற்கும் ரப்பரில்தான் காற்றிலுள்ள ஓசோன் வெடிப்பை உண்டாக்கும். வியர்வையை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, கொஞ்சம் முகப்பவுடர் தூவிப் பையில் போடுங்கள். முனைகளைத் தடவிப் பார்ப்பதை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும், அதற்கு அரை நிமிடம் போதும்.

முதலில் தேய்வது அதிகம் பயன்படும் மெல்லிய குழாய் இரண்டும்தான், அப்போது முழு செட்டையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆகவே வாங்கும்போதே தனிக் குழாய் விற்கிறார்களா என்று விற்பவரிடம் கேட்டு, கொக்கியின் அளவு பொருந்துகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக விற்காத கடையென்றால் பத்து ரிங்கிட் மலிவாக இருந்தாலும் எங்கள் தேர்வு தனிக் குழாய் விற்கும் கடைதான்.