துவண்ட நாற்றுக்குத் தண்ணீரா, நிழலா, டானிக்கா?

நர்சரியில் நிமிர்ந்து நின்ற மிளகாய் நாற்று, மொட்டைமாடிப் பையில் நட்ட மறுநாள் மதியமே தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். பார்த்ததும் கை பூவாளியைத்தான் தேடும். நானும் பல வருடம் அப்படித் தண்ணீர் ஊற்றியே நாற்றுகளை அழுகவிட்டவன்.

நாற்றைப் பிடுங்கும்போது கண்ணுக்குத் தெரிகிற வேர் மட்டும் அறுபடுவதில்லை. நுனியில் பஞ்சுபோல இருக்கும் வேர்த்தூவிகளும் போய்விடுகின்றன. தண்ணீரை உறிஞ்சுவதில் பெரும்பங்கு அவற்றுடையது. மேலே இலையோ எதுவும் நடக்காததுபோல நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். சம்பளம் நின்ற வீட்டில் செலவு மட்டும் குறையாத கதை.

தண்ணீர் ஊற்றினால் மண்ணில் ஈரம் ஏறுமே தவிர, உறிஞ்ச வேர் வேண்டாமா? நட்டவுடன் ஒருமுறை நன்றாக, மூன்றாம் நாள் வயல்காரர்கள் சொல்லும் உயிர்த்தண்ணீர். பை சீக்கிரம் காயும் என்பதால் இடையில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம். மண் சதசதவென்று கிடந்தால் காற்று போகாது, புது வேர் விடாது, நாற்றழுகல் நோய்க்கும் வசதி. மதியம் துவண்டு இரவில் நிமிர்கிற நாற்றை அதன் போக்கில் விட்டுவிடலாம். காலை ஆறு மணிக்கும் துவண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

என் ஓட்டு நிழலுக்கு. அது இலையின் நீர்ச்செலவைக் குறைக்கிறது, வேர் வரும்வரை இலையைக் காப்பாற்றிக் கொடுக்கிறது. 50 சதவீத நிழல்வலை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மேற்குப் பக்கம் சாய்த்து வைத்த வாழைமட்டையோ தென்னங்கீற்றோ போதும். மாடியில் வெயிலைவிடக் காற்றுதான் சில நாள் மோசம் என்பதால், பையைக் கைப்பிடிச் சுவர் ஓரம் நகர்த்துவதும் பாதி வைத்தியம். நான்கைந்து நாளுக்கு மேல் முழு நிழலில் விடாதீர்கள், செடி வெளிறி நெட்டையாகப் போகும்.

டானிக் விஷயத்தில்தான் எனக்குப் பலரோடு சண்டை. பஞ்சகவ்யம் நல்ல சரக்குதான். லிட்டருக்கு 30 மில்லி கலந்து, புதுத் துளிர் வந்தபிறகு தெளியுங்கள். துவண்டு கிடக்கும்போது யூரியா, டிஏபி கரைத்து ஊற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். உப்பு கூடினால் வேருக்குத் தண்ணீர் எடுப்பது இன்னும் கஷ்டம். வைட்டமின் பி1 கரைசல் பற்றியும் கேட்கிறார்கள். 1930களில் ஜேம்ஸ் பானர் போன்ற தாவர விஞ்ஞானிகள் பட்டாணி வேரைத் தனியே வெட்டிக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தபோது அதற்கு பி1 தேவைப்பட்டது உண்மை. ஆனால் இலையோடு இருக்கிற முழுச்செடி அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். அந்தக் காசுக்கு நிழல்வலை வாங்கலாம்.

இலையைக் கிள்ளிவிடுவது? பாத்தியிலிருந்து பிடுங்கிய, இலை பெருத்த கத்தரி நாற்றுக்கு அடி இலை ஒன்றிரண்டைப் பாதியாக வெட்டலாம். மற்றவற்றுக்குத் தேவையில்லை.

நாற்று வாங்கும்போதே பாதிப் பிரச்சினையைத் தவிர்க்க முடியும். குழிகுழியான தட்டில் தென்னைநார்க்கழிவு நிரப்பி வளர்த்த குழித்தட்டு நாற்று, வேர்க்கட்டு உடையாமல் வருவதால் பாத்தி நாற்றைவிடச் சீக்கிரம் பச்சை பிடிக்கும். அதிலும் ஒரு பொறி உண்டு. ஒருமுறை தினமும் தண்ணீர் விட்டும் ஒரு மிளகாய் நாற்று வாடிக்கொண்டே போனது. நான்காம் நாள் தோண்டிப் பார்த்தேன். சுற்றிலும் சேறு, நடுவில் அந்தத் தென்னைநார்க்கழிவுக் கட்டி மட்டும் மூக்குப்பொடி மாதிரி உலர்ந்து கிடந்தது. சுற்றியுள்ள மண்ணின் ஈரம் காய்ந்த கட்டிக்குள் லேசில் ஏறாது. இப்போதெல்லாம் நடுவதற்கு முன் தட்டோடு தண்ணீரில் ஊறவைத்து, கட்டியின் மேல் ஒரு விரல்கடை மண் மூடி, சாயங்காலம்தான் நடுகிறேன்.

பாத்தி நாற்றுதான் கிடைக்கிறது என்றால் தக்காளிக்குப் பயமில்லை. தண்டைக் கொஞ்சம் ஆழப் புதைத்தால் அங்கிருந்தும் வேர் விடும்.

வேர் ஊன்றியதைத் தெரிந்துகொள்ள விடியற்காலையில் மாடி ஏறுங்கள். தக்காளி இலை ஓரங்களில் வரிசையாக முத்துமுத்தாக நீர் நின்றால் அது பனி இல்லை, வேர் கீழேயிருந்து தள்ளிய தண்ணீர். அன்றைக்கே வாழைமட்டையைக் காலை வேளையில் மட்டும் விலக்கிவிட ஆரம்பிக்கலாம்.