11 வருடம் நின்ற அம்பாசிடர் இஞ்சின்: ஊறவைப்பதா, ஹெட்டைத் திறப்பதா, முழுசாகப் பிரிப்பதா?

பெரியப்பாவின் 74 மாடல் மார்க் 2 அம்பாசிடர், காரைக்குடி வீட்டுக் கொட்டகையில் 11 வருடம் அசையாமல் நின்றது. அதைக் கிளப்பலாம் என்று வாயைத் திறந்ததும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். "டிராக்டர்ல கட்டி இழுத்து, செகண்ட் கியர்ல கிளட்சை விடு, தானா பிடிச்சுக்கும்" என்றார் மாமா. இதை மட்டும் செய்யாதீர்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் துருவில் ஒட்டியிருந்தால் உடையும், உடைந்த துண்டு சிலிண்டரைக் கீறும். வால்வு இறுகியிருந்தால் அதைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு வளையும்.

மிச்சம் நாலு வழி.

மலிவானது ஊறவைப்பது. நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து ஓட்டைகளில் ஊற்ற வேண்டும். சில நூறு ரூபாய்தான் செலவு. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. ஒரு வாரம் கழித்து பம்பர் ஓட்டை வழியாக இஞ்சினைக் கையால் சுற்றும் ஹேண்டிலைப் போட்டு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஆட்டிப் பார்க்கலாம். பலம் போட்டு முறுக்கக் கூடாது. எங்கள் இஞ்சின் எட்டு நாள் கல் மாதிரி கிடந்தது. ஒன்பதாம் நாள் 'டக்' என்று ஒரு சத்தம், ஹேண்டில் ஒரு விரல்கடை இறங்கியது. பெரியப்பா திண்ணையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

ஆனால் சுற்றுவது வேறு, நன்றாக இருப்பது வேறு. ஊற்றியதெல்லாம் ரிங் வழியாகக் கீழே இறங்கி ஆயிலோடு கலந்திருக்கும், ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்தால் பேரிங் போய்விடும். புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே சுற்றி, ஆயில் பிரஷர் ஏறிய பிறகுதான் பிளக்கைப் போட வேண்டும். பழைய டேங்கையும் நம்பாதீர்கள். எங்கள் டேங்கிலிருந்த பெட்ரோல் வார்னிஷ் வாசனை அடித்தது. தனியாக ஒரு கேனில் புது பெட்ரோல் வைத்து ஹோஸ் போட்டால் போதும். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸை இளக்கிவிடும், அதையும் மாற்றிவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி: இஞ்சினை இறக்காமல், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டை மட்டும் கழற்றுவது. இரும்பு ஹெட், தூக்க இரண்டு பேர் வேண்டும். துருப்பிடித்த நட்டுகளோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினோம். அதற்குப் பலன் உண்டு. சிலிண்டர் சுவரை டார்ச் அடித்துப் பார்க்கலாம், நகத்தால் தடவலாம். நகம் வழுக்கினால் தப்பித்தோம். சிக்கினால் அங்கே துரு குழி பறித்திருக்கிறது. எங்களுக்கு மூன்றாவது சிலிண்டரில் ரிங் நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு வளையம், ஆனால் நகம் சிக்கவில்லை. இன்னொரு லாபம், 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. இந்த இஞ்சின் அதற்கு முந்தைய காலத்தது, வால்வு உட்காரும் சீட் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். ஹெட் வெளியே வந்த கையோடு எக்சாஸ்ட் வால்வுக்குக் கடின சீட் அடித்துக்கொள்ளலாம்.

நகம் சிக்கினால் மூன்றாவது வழிதான், அதாவது முழுசாகப் பிரிப்பது. ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவது), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டைத் தேய்த்துச் சீராக்குவது), புது பேரிங். செலவு லட்சத்தைத் தொடலாம். அதைவிட எனக்குப் பயம் வேலை பார்ப்பவரின் கைதான். நண்பர் ஒருவரின் இஞ்சினைப் பிரித்த பட்டறையில், எந்த பேரிங் கேப் எந்த இடத்தில் இருந்தது என்று குறிக்காமலே கழற்றிவிட்டார்கள். நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்த இஞ்சினைக் கையால் சுற்ற முடியவில்லை. பழைய அளவு துல்லியமாகத் தெரிந்த லேத்காரர் கிடைக்கும்வரை காத்திருப்பதே மேல்.

நாலாவது, இஞ்சினையே மாற்றுவது. தொண்ணூறுகளில் அம்பாசிடரில் வந்த 1.8 லிட்டர் இசுசூ இஞ்சின் அருமையானது, இழுவையில் பழைய 1489 சிசி அதன் பக்கத்தில்கூட வராது. தினமும் ஓட்டப் போகிறவருக்கு இதுவே சரி. ஆனால் ஆர்சி புக்கில் இஞ்சின் நம்பர் இருக்கிறது, ஆர்டிஓ அனுமதி வாங்கித்தான் மாற்ற வேண்டும். 50 வருடம் தாண்டிய வண்டியை 2021 விதிப்படி விண்டேஜாகப் பதிய நினைத்தால், இஞ்சினில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியில் தினமும் கடைக்குப் போக முடியாது என்பது வேறு கதை.

நாங்கள் முதல் இரண்டு வழிகளோடு நிறுத்திக்கொண்டோம். டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் பாயிண்ட்டைத் தேய்த்து 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) இடைவெளி வைத்து, மூன்றாவது முயற்சியில் கிளம்பியது. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. கால் மணி நேரத்தில் அடங்கியது. இஞ்சினின் பின்பக்கம் மட்டும் சொட்டு சொட்டாக ஆயில் ஒழுகுகிறது. இந்த இஞ்சினுக்கு அது பிறவிக் குணம், கிராங்கின் பின்னால் ஆயில் சீலே கிடையாது. அடியில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருக்கிறோம்.