கல்லடியா, லண்டனா?

கலை முகாமைத்துவம் படிக்க விரும்பும் திருகோணமலைப் பிள்ளைகள் இதைத்தான் கேட்கிறார்கள். காசைப் பார்த்தால் பேச்சே இல்லை. மட்டக்களப்பு கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பட்டம் 4 வருடம், கற்பித்தல் கட்டணம் கிடையாது. லண்டனில் முதுமாணி ஒரே வருடம்தான், ஆனால் வெளிநாட்டு மாணவர் கட்டணம் காணி உறுதியை ஈடு வைக்கச் சொல்லும்.

கல்லடியில் படிப்பது கலை: இசை, நடனம், நாடகம். லண்டனில் படிப்பது அதை நடத்தும் வித்தை: பதிப்புரிமை, வரவுசெலவு, நிதி விண்ணப்பம். அங்கே அரச பணத்தையும் லொத்தர் பணத்தையும் ஆர்ட்ஸ் கவுன்சில் என்ற அமைப்பு கலைப் பணிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. விண்ணப்பம் எழுதுவதே ஒரு தொழில். நமக்கு உபயகாரர்தான் கவுன்சில்! ஒருமுறை கூத்துக்காக ரசீதுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறினேன். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுத்து வருவதற்குள் ஜெனரேட்டர்காரர் வேறொரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பாடம் லண்டனில் இல்லை.

முதலில் கல்லடிக்குப் போகச் சொல்வேன். ஊரில் இரண்டு நிகழ்ச்சியாவது நடத்திப் பார்த்துவிட்டு, புலமைப்பரிசில் கிடைத்தால் லண்டன். கடன் வாங்கிப் போவதென்றால் எனக்கு உடன்பாடில்லை.