வாளியா, தொட்டியா, மிதவையா, அமுக்குக் கிண்ணமா: கட்டுத்தறி மாட்டுக்குத் தண்ணீர்

பத்து லிட்டர் கறக்கிற கலப்பினப் பசு, சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு 80 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். வைக்கோலும் சோளத்தட்டையுமே தீவனம் என்றால் இன்னும் கூடும். பசும்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால், அது கிடைக்கிற மாடு கொஞ்சம் குறைவாகக் குடிக்கும். ஐந்து மாடு கட்டியிருந்தால் குடிக்க மட்டும் 400 லிட்டர். கழுவுகிற தண்ணீர் தனிக்கணக்கு.

இருபது லிட்டர் வாளியில் தூக்கினால் இது இருபது நடை. காலையிலும் சாயங்காலமும் தண்ணி காட்டுவதோடு நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு, தட்டையைத் தின்றுவிட்டு நாக்கு வறண்டு நிற்கிற மாட்டுக்கு வாளி வராது. பாலில் 87 சதவீதம் தண்ணீர். பால் இறங்கியதும் புண்ணாக்கைக் குறை சொல்கிறவர்கள் முதலில் வாளியை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் எந்த மாடு வாய் வைக்கவில்லை என்பது வாளியில் அன்றைக்கே தெரியும்; காய்ச்சலையும் வயிற்று உப்புசத்தையும் அதை வைத்தே பிடித்துவிடலாம். கழனித்தண்ணியும் தவிடும் கலந்து காட்டவும் வாளியோ குளுதாடியோதான் (தண்ணி காட்டுகிற தொட்டி) சரி. ஜல்லிக்கட்டுக் காளைக்கு வேறு யோசனையே வேண்டாம். சுவரில் மாட்டிய அமுக்குக் கிண்ணத்தை ஒரே முட்டில் பெயர்த்துவிடும்.

மாட்டை அவிழ்த்துவிட இடமிருந்தால் சிமெண்ட் தொட்டியை மிஞ்ச ஒன்றுமில்லை. உள்ளளவு 6 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றேகால் அடி ஆழம் வைத்தால் 300 லிட்டருக்கு மேல் பிடிக்கும். விளிம்பு தரையிலிருந்து இரண்டு முதல் இரண்டரை அடி உயரம் போதும். அடித்தளத்தை ஒரு பக்கம் சரித்து, இரண்டு இஞ்ச் வடிகால் வைக்காமல் கட்டிவிட்டால், பிறகு முகந்து கொட்டிக் கழுவ யாருக்கும் மனசு வராது, பாசி பிடித்துவிடும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை காலிசெய்து தேய்த்து, உட்புறம் சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டு நிரப்ப வேண்டும். மேலே கூரை இருந்தால் பாசியும் குறையும், தண்ணீரும் கொதிக்காது.

கட்டியே வளர்க்கிற கொட்டகையில்தான் குழப்பம். மலிவாக முடிக்க நினைப்பவர்கள் ஓரத்தில், தண்ணீர் நிரம்பியதும் தானாக மூடிக்கொள்கிற மிதவை வால்வு வைத்த தொட்டி ஒன்றே ஒன்று வைத்து, அங்கிருந்து ஒன்றரை இஞ்ச் பிவிசி பைப்பு ஓட்டி, மாட்டுக்கு மாடு ஒரு திறந்த தொட்டியை இணைப்பார்கள். மட்டம் பார்ப்பதில்தான் சூட்சுமம். ஒரு தொட்டி இரண்டு இஞ்ச் தாழ்ந்திருந்தாலும் அது வழிந்துகொண்டே இருக்கும், மிதவை மூடவே மூடாது. கொட்டகைத் தரை வடிகாலை நோக்கிச் சரிவாக இருக்கும் என்பதால் தரையை நம்பி அளக்கக் கூடாது. டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்துத்தான் தொட்டிகளை வைக்க வேண்டும். வைத்த பிறகும் தொல்லை உண்டு. வாயிலிருந்து விழும் தவிடும் வைக்கோலும் பைப்புக்குள் போய்ப் புளித்து நாறும். ஒரு மாட்டின் எச்சில் அடுத்த மாட்டுக்கு வரும், கோமாரி நேரத்தில் அது ஆபத்து. பைப்பின் கடைசியில் ஒட்டிய மூடிக்குப் பதில் திருகு மூடி போட்டு, வாரம் ஒருமுறை திறந்து வேகமாகத் தண்ணீர் ஓட்டினால் ஓரளவு சமாளிக்கலாம்.

இரண்டு மாட்டுக்கு ஒரு தொட்டி, தொட்டிக்கு ஒரு மிதவை என்று பிரித்துவிடுவது மேல். ஐந்து முதல் பத்து கறவை வைத்திருப்பவர்களுக்கு இதையே சொல்வோம். மிதவைக்கு மேலே தகடு மூடி இல்லாவிட்டால் மாடு நாக்கால் துழாவியே உடைத்துவிடும். ஒவ்வொரு தொட்டிக்கும் முன்னால் ஒரு கேட் வால்வு இருந்தால், ஒன்று கெட்டாலும் மற்ற மாடுகள் காயாது.

அமுக்குக் கிண்ணம் பார்வைக்கு நேர்த்தி: மூக்கால் உள்ளே இருக்கிற தகட்டை அழுத்தினால் தண்ணீர் வரும், தேங்காது. இதில் அழுத்தம்தான் பிரச்சினை. தண்ணீர்த்தொட்டி கிண்ணத்துக்கு மேல் 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோதான். அதிக அழுத்த வால்வை வாங்கி மாட்டினால் சொட்டும். குறைந்த அழுத்த வால்வை நேராக மோட்டாரில் கொடுத்தால் பீய்ச்சியடிக்கும். மாடு நிமிஷத்துக்குப் பத்து லிட்டருக்கு மேல் உறிஞ்சக்கூடியது. கடைசிக் கிண்ணத்தில் ஒரு நிமிஷம் தண்ணீர் பிடித்து அளந்துவிட்டே பணம் கொடுங்கள். ஐந்து லிட்டர்கூட வரவில்லையென்றால் மாடு பாதியில் விட்டுவிடும். இரண்டு மாட்டுக்கு நடுவே ஒன்று வைத்தால் அதட்டுகிற மாடுதான் குடிக்கும், பக்கத்து மாடு பார்த்துக்கொண்டு நிற்கும்.

போர்த்தண்ணீர் உப்பாக இருக்கிற இடங்களில் மிதவை ஊசியிலும் கிண்ண வால்விலும் வெள்ளையாகப் படிந்து ஒழுக ஆரம்பிக்கும். கழற்றி அரை மணி நேரம் வினிகரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் விட்டுவிடும். கூரை மேல் ஓடும் கருப்புக் குழாயில் மத்தியானம் வெந்நீர்தான் வரும். ஒரு அடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள். கரண்ட் போனாலும் ஒரு நாள் தாங்குகிற அளவுக்கு மேல்தொட்டி வேண்டும்: ஐந்து மாட்டுக்கு 500 லிட்டர், பத்துக்கு 1000.

ஆட்டுக்கு இந்த உயரமெல்லாம் எட்டாது. ஒரு அடி உயரத்தில் ஆழம் குறைந்த மிதவைத் தொட்டி வையுங்கள், குட்டி விழுந்தாலும் முங்காது. புழுக்கை விழுந்த தண்ணீரை ஆடு தொடவே தொடாது என்பதால் அதைத் தினமும் கொட்டி மாற்ற வேண்டியிருக்கும்.