பூவா தலையாவுக்கு ஒரு ஃபோட்டான்: ‘யுனிவர்ஸ் ஸ்ப்ளிட்டர்’ செயலி

இரண்டில் எதைச் செய்வதென்று தெரியாதபோது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது நம் வழக்கம். ஐபோனில் காசு கொடுத்து வாங்கவேண்டிய இந்தச் செயலியும் மேலோட்டமாக அதையேதான் செய்கிறது: இரண்டு கட்டங்களில் இரண்டு வழிகளை எழுதிப் பொத்தானை அழுத்தினால், ஒன்றைச் செய்யச் சொல்கிறது. ஆனால் விடை கைபேசிக்குள் பிறப்பதில்லை. ஜெனீவாவில் உள்ள ஒரு கருவி, பாதி ஒளியைத் திருப்பி மீதியை ஊடுருவ விடும் கண்ணாடியின் மீது ஒற்றை ஃபோட்டானை, அதாவது ஒரே ஓர் ஒளித்துகளை, செலுத்துகிறது. அது திரும்பியதா, ஊடுருவியதா என்பதே நமக்கு வந்துசேரும் விடை.

இந்த வேறுபாடு சிறியதன்று. சுண்டிய நாணயம் எப்படி விழும் என்பதை விரலின் விசையும் சுழற்சியும் தீர்மானித்துவிடுகின்றன; ஃபோட்டானின் போக்கை முன்கூட்டிச் சொல்ல எந்தக் கணக்கும் இல்லை. இயற்பியலாளர் ஜான் வீலரின் மாணவரான ஹியூ எவரெட், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1957இல் அளித்த ஆய்வேட்டில், இத்தகைய நுண்துகள்களின் போக்கை விவரிக்கும் குவாண்டம் சமன்பாட்டை எங்கும் முறிக்காமல் அப்படியே ஏற்றால் இரண்டு விளைவுகளும் நிகழ்கின்றன, பிரபஞ்சம் இரண்டு கிளைகளாகிறது, பார்ப்பவரும் அவற்றோடு கிளைபிரிகிறார் என்று காட்டினார். காலப்பயணத்தில் தாத்தாவைக் கொன்றால் பேரன் எப்படிப் பிறப்பான் என்ற புதிருக்கு, இயற்பியலாளர் டேவிட் டாய்ச் 1991இல் இதே கிளைகளைக் கொண்டுதான் விடை சொன்னார்: பயணி சென்றுசேரும் இறந்தகாலம் வேறொரு கிளையைச் சேர்ந்தது.

பல மாதங்களாகப் பேச்சு நின்றிருந்த என் அண்ணனை இன்றே அழைப்பதா, ஞாயிற்றுக்கிழமை வரை பொறுப்பதா என்று ஒரு மாலையில் எழுதி அழுத்தினேன். ஞாயிறு என்று வந்தது. திரையைப் பார்த்தபடியே சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்; இன்னொரு கிளையில் இந்நேரம் அவருடைய குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும் என்னை நினைத்தபோது பொறுக்கமுடியாமல், அப்போதே அழைத்துவிட்டேன். எந்த நாணயமும் என்னை இப்படி அசைத்ததில்லை.

எனக்குள்ள மறுப்பு ஒன்றுதான். பிரபஞ்சம் பிரிந்துவிட்டதென்று செயலி உறுதியாகச் சொல்கிறது. எவரெட்டின் விளக்கமோ பல விளக்கங்களில் ஒன்று, இதுவரை செய்த சோதனைகள் எவையும் அதைத் தனியே பிரித்து மெய்ப்பிக்கவில்லை. மறுகிளையை எட்டிப்பார்க்க வழியில்லாதது செயலியின் குறையன்று, காலப்பயணம் இல்லாதவரை பிரிந்த கிளைகளுக்கிடையே செய்தி செல்லாது என்பது அந்தக் கோட்பாட்டிலேயே உள்ளது. மேல்நிலை வகுப்பில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் தயங்காமல் வாங்கித் தாருங்கள். நாணயம் ஏன் போதாது என்ற கேள்வியையும் கூடவே கேட்டுவையுங்கள்.